ஊமத்தையும் அதன் உறவினரும்

முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமை ஆசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அக்காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து வேலியோரத்தில் நிகழ்ந்த ஒன்றும், ஓய்வு பெற்ற பின்னர் எங்கள் ஊர் வயலில் நிகழ்ந்த மற்றொன்றும் என் நினைவை விட்டு அகலவில்லை. அவ்விரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் நண்பகல் இடைவேளையில் ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் வேலியோரம் வளர்ந்திருந்த ஊமத்தைச் செடியின் முட்காயைப் பறித்து உடைத்து, அதன் விதைகளை விளையாட்டாக மென்று விழுங்கிவிட்டான். ஒரு மணி நேரத்திற்குள் அவன் முகம் செக்கச் சிவந்தது, நா வறண்டது, கண்ணின் பாவை அகன்றது. மேசையின் மேல் இல்லாத எறும்புகளை விரலால் பொறுக்கி எடுத்து எங்களிடம் நீட்டினான். பெற்ற தாயை அவனால் அடையாளம் காண இயலவில்லை. அவனை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு நாட்களில் தேறிவிட்டான். நான் பார்க்கச் சென்றபோது, "ஐயா, நேற்று வீட்டுக் கணக்கு ஏதாவது கொடுத்தீர்களா?" என்று கேட்டான். நடந்தது எதுவும் அவன் நினைவில் இல்லை.

பல ஆண்டுகளுக்குப் பின்னர் எங்கள் ஊர் விவசாயத் தொழிலாளி ஒருவர் முகத்தை மூடிக்கொள்ளாமல், எதிர்க்காற்றில் நின்று, அரைநாள் முழுவதும் பூச்சிமருந்து தெளித்துவிட்டு வரப்பிலேயே சாய்ந்தார். வாயிலிருந்து எச்சில் வழிந்தது. உடல் வியர்வையில் நனைந்தது. கண்ணின் பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மருத்துவமனையில் அவருக்கு ஒரு மருந்தைத் திரும்பத் திரும்ப ஊசி மூலம் செலுத்தினார்கள். மறுநாள் கண் விழித்தார். அந்த மருந்தின் பெயரை வைத்தியரிடம் கேட்டேன். "அட்ரோப்பின்" என்றார் அவர்.

நான் திகைத்துப் போனேன். அட்ரோப்பின் ஊமத்தையில் உள்ள நஞ்சு அல்லவா? ஒரு சிறுவனின் உயிரைப் பறிக்கப் பார்த்த பொருள், ஒரு குடும்பத் தலைவரின் உயிரை மீட்டுக் கொடுத்திருக்கிறது. அன்று முதல் இப்பொருளைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க மற்றொரு வியப்பும் ஏற்பட்டது. உலகம் முழுவதும் அஞ்சுகின்ற கொக்கெய்ன் என்னும் போதைப்பொருளும் ஊமத்தையின் நஞ்சும் இரசாயன முறையில் ஒரே குடியில் பிறந்தவை. இந்தக் குடும்பத்தின் வரலாறே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். செடிகொடிகள் உண்டாக்கும் பொருள்களுள் நைட்ரஜனைக் கொண்டனவாய், காரத்தின் இயல்பை உடையனவாய், சிறிதளவிலேயே உடலைப் பெரிதும் தாக்கக்கூடியனவாய் உள்ளவற்றை ஆல்கலாய்டு என்பர். காப்பியிலுள்ள காஃபீனும், புகையிலையிலுள்ள நிக்கோட்டினும், சிங்கோனாப் பட்டையிலுள்ள குவினைனும் ஆல்கலாய்டுகளே. அவற்றுள் ஒரு கிளைக்கு டிரோப்பேன் ஆல்கலாய்டுகள் என்று பெயர். அட்ரோப்பின், ஹையோசையமின், ஸ்கோப்போலமின், கொக்கெய்ன் ஆகிய நான்கும் இக்கிளையில் பெயர் பெற்றவை.

முதல் மூன்றும் கத்தரிக் குடும்பத்துச் செடிகளில் கிடைப்பவை. நம் ஊமத்தை, ஐரோப்பாவின் பெல்லடோனா, நம் நாட்டு மருந்துக் கடைகளில் குரோசாணி ஓமம் என்று வழங்கும் செடி ஆகியவை அவற்றுள் சில. ஊமத்தை என்னும் பெயரே உன்மத்தம் என்ற சொல்லோடு தொடர்புடையது. பித்துப் பிடிக்கச் செய்வது என்பது அதன் கருத்து. சிவபெருமான் சூடும் மலர்களுள் ஊமத்தம்பூவும் ஒன்று. பித்தன் என்று அடியார்கள் உரிமையோடு அழைக்கும் கடவுளுக்குப் பித்தம் தரும் பூவைச் சூட்டிய நம் முன்னோர் அதன் குணத்தை நன்கு அறிந்தே இருந்தனர். தீயவர்களும் அறிந்திருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழிப்போக்கரின் உணவில் ஊமத்தை விதையைக் கலந்து, அவர்கள் மயங்கியபின் பொருளைக் கவர்ந்து சென்ற கள்வர்களைப் பற்றி அக்கால மருத்துவ நூல்கள் விரிவாகக் கூறுகின்றன.

ஐரோப்பாவில் பெல்லடோனா என்ற இத்தாலியச் சொல்லுக்கு அழகிய பெண் என்பது பொருள். அக்காலத்துப் பெண்கள் இதன் சாற்றைக் கண்ணில் விட்டுப் பாவையை அகலச் செய்து அழகு தேடினர் என்பர். ஆனால் தாவரங்களுக்குப் பெயரிட்ட லின்னேயஸ் இச்செடியின் இனத்திற்கு அட்ரோப்பா என்று பெயர் சூட்டினார். கிரேக்கப் புராணத்தில் மனிதரின் ஆயுள் நூலைக் கத்தரிக்கும் தெய்வம் அட்ரோப்பாஸ். அழகிய பெண்ணும் ஆயுளை அறுக்கும் தெய்வமும் ஒரே செடியின் பெயரில் கூடி நிற்கின்றனர்.

1676-ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் ஜேம்ஸ்டவுன் என்னும் ஊரில் கலகத்தை அடக்க வந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் சிலர் ஊமத்தை இனச் செடியொன்றின் இளந்தழையைக் கீரையென்று கருதிச் சமைத்து உண்டனர். பதினொரு நாட்கள் அவர்கள் அறிவு மயங்கிக் குழந்தைகளைப் போல விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்று ராபர்ட் பெவர்லி 1705-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வரலாற்று நூலில் எழுதினார். தெளிந்தபின் அவர்களுக்கும் ஒன்றும் நினைவில் இல்லை. எங்கள் பள்ளிச் சிறுவனின் கதையைத்தான் நான் அங்கே மீண்டும் படித்தேன்.

இந்த மயக்கத்தை மருந்தாக்க முனைந்தவர் ஜப்பானிய வைத்தியர் ஹனோக்கா சேஷு. ஊமத்தையை முதன்மையாகக் கொண்டு, வேறு மூலிகைகளும் சேர்த்து, அவர் ஒரு மயக்க மருந்தை உருவாக்கினார். பல ஆண்டுச் சோதனைகளின்போது அவருடைய தாயும் மனைவியும் தாமே முன்வந்து மருந்தை உட்கொண்டனர் என்றும், மனைவி பார்வையை இழந்தார் என்றும் வரலாறு கூறுகிறது. 1804-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அம்மருந்தைக் கொடுத்து ஒரு மூதாட்டியின் மார்பிலிருந்த புற்றுநோய்க் கட்டியை அவர் அறுத்து நீக்கினார். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்துச் செய்த புகழ்பெற்ற இரண சிகிச்சை 1846-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. ஹனோக்கா அதற்கு நாற்பத்திரண்டு ஆண்டுகள் முற்பட்டவர். அந்த அம்மையார் கொடுத்த விலையை நாம் மறக்கலாகாது.

நம் சென்னைக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. இழுப்பு நோய்க்கு ஊமத்தையின் புகையைப் பிடிக்கும் வழக்கம் இந்நாட்டில் பழமையானது. சென்னையில் தலைமை வைத்தியராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அம்முறையைக் கையாண்டார். ஜெனரல் ஜென்ட் என்னும் படைத்தலைவர் 1802-ஆம் ஆண்டில் அதனைப் பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். அங்கே அது பரவிற்று. பின்னர், கேடு மிகுந்த புகையை விடுத்து, அட்ரோப்பினைச் சிறிது மாற்றியமைத்து இப்ராட்ரோப்பியம் என்ற மருந்தை விஞ்ஞானிகள் உருவாக்கினர். மூச்சுத் திணறும் நோயாளிகள் இன்று வாயில் வைத்து உறிஞ்சும் கருவிகள் சிலவற்றில் அம்மருந்து உள்ளது. கைமருந்தாகப் பிடித்த புகையில் எவ்வளவு நஞ்சு உடலில் சேர்கிறது என்பதை யாரும் அறிய முடியாது. கருவியிலோ ஒவ்வொரு முறைக்கும் அளவு உண்டு. பழைய வழக்கத்திற்கும் புதிய மருந்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இனி, குடும்பத்தின் மற்றொரு கிளையைக் காண்பதற்குத் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடருக்குச் செல்வோம். அங்கே வளரும் கோக்கா என்னும் செடி கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. மலைவாழ் மக்கள் அதன் உலர்ந்த இலையைச் சுண்ணாம்பு அல்லது சாம்பலோடு சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வது தொன்றுதொட்டு வரும் வழக்கம். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. காரப் பொருளான சுண்ணாம்பு இலையிலுள்ள ஆல்கலாய்டை விடுவித்து உடலில் ஏறச் செய்கிறது. இலையின் எடையில் நூற்றில் ஒரு பங்கு அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் கொக்கெய்ன் இருக்கும். ஆகவே அது களைப்பையும் பசியையும் சற்று மறக்கச் செய்தது. மலையேறுவோருக்குத் துணையாக இருந்தது. இன்காக்களின் வழிபாட்டிலும் இடம் பெற்றது.

பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் அந்நாட்டைக் கைப்பற்றினர். அவர்களுடைய பாதிரிமார்கள் முதலில் கோக்காவைப் பழித்தனர். ஆனால் பொட்டோசி வெள்ளிச் சுரங்கங்களில் அம்மக்களைக் கொண்டு வேலை வாங்கியபோது, கோக்கா இருந்தால் குறைந்த உணவிலும் நெடுநேரம் உழைப்பார்கள் என்பது முதலாளிகளுக்குத் தெரிந்துவிட்டது. பழிப்பு மறைந்தது, கோக்கா வாணிகம் செழித்தது. பசியை மறக்கச் செய்யும் இலை, பசித்தவனுக்குச் சோறு போடாதிருக்க வழியாயிற்று.

இதைப் படித்தபோது நம் நாட்டு நிகழ்ச்சியொன்று என் நெஞ்சைத் தொட்டது. கோக்காவின் இனத்தைச் சேர்ந்த சிறு மரம் ஒன்று தமிழ்நாட்டுக் காடுகளிலும் இலங்கையிலும் வளர்கிறது. செம்மணத்தி என்றும் தேவதாரம் என்றும் அதனை அழைப்பர். கோக்காவின் வலிமை அதற்கு இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய கொடிய பஞ்சத்தில் ஏழை மக்கள் இம்மரத்தின் இலையைத் தின்றார்கள் என்று அக்காலத்து மருந்து நூல்கள் குறித்துள்ளன. கடல்கள் பல இடையே இருந்தும், பசித்த மனிதரின் கை ஓரினத்து இலையையே நாடியிருக்கிறது.

இவ்வாறு நெடுங்காலம் மக்கள் செடிகளை அறிந்திருந்தனர். செடிக்குள் இருந்த பொருளை அறிந்திலர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரசாயன விஞ்ஞானிகளே அதனைப் பிரித்தெடுத்தனர். 1819-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் யேனா நகரில் ரூங்கே என்னும் இளம் மாணவர் பெல்லடோனாச் சாற்றைக் கண்ணில் விட்டால் பாவை அகலும் என்று கண்டறிந்திருந்தார். மகாகவி கதே அதனை நேரில் காண விரும்பினார். ரூங்கே ஒரு பூனையைக் கையில் ஏந்தியவாறு கவிஞரின் இல்லத்திற்குச் சென்றார். பூனையின் ஒரு கண்ணில் பாவை அகன்றும் மற்றொன்றில் ஒடுங்கியும் இருந்ததைக் கண்டு மகிழ்ந்த கதே, காப்பிக் கொட்டைகளைப் பரிசளித்து, இவற்றையும் ஆராய்ந்து பார் என்றார். அதிலிருந்து ரூங்கே காஃபீனைப் பிரித்தெடுத்தார்.

பெல்லடோனாவிலிருந்து அட்ரோப்பினை 1831-ஆம் ஆண்டில் மைன் என்னும் ஜெர்மானிய மருந்துக் கலவையாளர் பிரித்தெடுத்தார். 1833-இல் கைகர், ஹெஸ்ஸே என்னும் இருவர் அட்ரோப்பினையும் ஹையோசையமினையும் பற்றி எழுதினர்.

கோக்காவின் கதையில் ஒரு கப்பல் வருகிறது. ஆஸ்திரிய அரசாங்கம் உலகைச் சுற்றி வர அனுப்பிய நொவாரா என்னும் கப்பல் அது. 1857-ஆம் ஆண்டில் புறப்பட்ட அக்கப்பல் 1858-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் சென்னைக்கும் வந்து சென்றது. அதில் பயணம் செய்த ஷெர்ட்ஸர் என்னும் அறிஞர் தென் அமெரிக்காவிலிருந்து கோக்கா இலைகளைக் கொண்டுவந்து, கட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் வோலரிடம் சேர்ப்பித்தார். வோலர் அவற்றைத் தம் மாணவர் ஆல்பர்ட் நீமானிடம் ஒப்படைத்தார். நீமான் அவ்விலைகளிலிருந்து வெண்ணிறப் படிகங்களைப் பிரித்தெடுத்து, கொக்கெய்ன் என்று பெயரிட்டு, 1860-இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். நாவில் வைத்தால் நா மரத்துப் போகிறது என்பதையும் அதில் குறித்தார். அடுத்த ஆண்டே, இருபத்தாறாம் வயதில், அவர் மறைந்தார்.

நா மரத்துப் போகும் என்ற அச்சிறு குறிப்பின் பொருளை உணர்வதற்கு உலகிற்கு இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. 1884-ஆம் ஆண்டில் வியன்னா நகரில் இரண்டு இளம் வைத்தியர்கள் நண்பர்களாக இருந்தனர். ஒருவர் சிக்மண்ட் ஃபிராய்ட். பிற்காலத்தில் மனவியலில் உலகப் புகழ் பெற்றவர். மற்றவர் கண் வைத்தியம் பயின்ற கார்ல் கோலர். ஃபிராய்ட் அவ்வாண்டு ஜூலை மாதத்தில் கோக்காவைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதினார்; பின்னர்த் தமக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணைப் பார்க்க ஊருக்குச் சென்றுவிட்டார். அக்காலத்தில் கண்ணில் இரண சிகிச்சை செய்வது கொடுமையான செயலாக இருந்தது. ஈதர் கொடுத்தால் நோயாளி வாந்தியெடுத்துத் தலையை அசைப்பான். கண் சிகிச்சைக்கு அது ஆகாது. கோலர் கொக்கெய்ன் கரைசலை ஒரு தவளையின் கண்ணில் விட்டுப் பார்த்தார். தொட்டாலும் தவளை கண்ணை மூடவில்லை. பின்னர்த் தம் கண்ணிலேயே விட்டுக்கொண்டு, குண்டூசியின் தலையால் தொட்டுப் பார்த்தார். உணர்ச்சி இல்லை.

செப்டம்பர் 15-ஆம் தேதி ஹைடல்பர்க் நகரில் கண் வைத்தியர்களின் மாநாடு கூடிற்று. அங்குச் செல்வதற்குக் கோலரிடம் பணம் இல்லை. வேறொரு வைத்தியர் அவருடைய கட்டுரையைப் படித்துச் சோதனையையும் செய்து காட்டினார். சில மாதங்களுக்குள் உலகெங்கும் கண்புரை சிகிச்சை வலியின்றி நடைபெறலாயிற்று. நம் தாத்தா பாட்டிமார்கள் விழித்த நிலையில், வலியின்றிக் கண் சிகிச்சை பெறும் வழியைத் திறந்து வைத்தவர் வழிச்செலவுக்குப் பணமில்லாத அந்த இளைஞர்தாம்.

இதே காலத்தில் மற்றொரு கதையும் நடந்தது. ஃபிராய்டின் நண்பரான ஃப்ளைஷ்ல் என்னும் அறிஞர் கைவலிக்காக மார்ஃபீனை உட்கொள்ளத் தொடங்கி அதற்கு அடிமையாகியிருந்தார். கொக்கெய்ன் கொடுத்தால் மார்ஃபீனை விட்டுவிடுவார் என்று ஃபிராய்ட் நல்லெண்ணத்தோடு நம்பினார். ஃப்ளைஷ்ல் கொக்கெய்னுக்கும் அடிமையானார். 1891-இல், நாற்பத்தைந்தாம் வயதில், இறந்தார். நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் சிறந்த இரண வைத்தியர், நரம்பின் அருகே கொக்கெய்னைச் செலுத்தி அந்நரம்பு பரவும் பகுதி முழுவதையும் மரத்துப்போகச் செய்யலாம் என்று தம் மீதும் தம் தோழர்கள் மீதும் சோதித்துக் கண்டறிந்தார். சோதித்தவர்களுள் பலர் அப்பொருளின் பிடியில் சிக்கினர். ஹால்ஸ்டெட் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற நேர்ந்தது. அவருக்குக் கொடுக்கப்பட்ட மார்ஃபீனின் பழக்கம் அவரை நெடுங்காலம் தொடர்ந்தது. பிற்காலத்தில் அவர் பெரும்புகழ் பெற்ற பேராசிரியரானார் என்பது உண்மை. ஆனால் அவர் தம் வாழ்நாள் முழுவதும் ஒரு மறைவான போராட்டத்தை நடத்த வேண்டியிருந்தது.

இந்தக் கதையை நீங்கள் நன்கு சிந்திக்க வேண்டும். இவர்கள் கல்லாதவர்கள் அல்லர். கொக்கெய்னைப் பற்றி அன்று உலகில் எவரெவர் மிகுதியாக அறிந்திருந்தனரோ, அவர்களே சிக்கினர். இதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இப்பொழுது உறவு கண்டறியப்பட்ட கதைக்கு வருவோம். அட்ரோப்பினின் ஒரு மூலக்கூறில் கார்பன் அணுக்கள் 17, ஹைட்ரஜன் 23, நைட்ரஜன் 1, ஆக்ஸிஜன் 3. கொக்கெய்னில் கார்பன் 17, ஹைட்ரஜன் 21, நைட்ரஜன் 1, ஆக்ஸிஜன் 4. இரண்டிலும் கார்பன் பதினேழு என்பதைக் கண்டு, இதுவே உறவு என்று அவசரப்பட்டு முடிவு செய்துவிடாதீர்கள். இரசாயன விஞ்ஞானிகள் இவற்றைப் பிளந்து பார்த்தனர். 1860-களில் கிராவுட், லாசன் என்னும் இருவர் அட்ரோப்பினைப் பிளந்தபோது, 8 கார்பன் உள்ள டிரோப்பினும் 9 கார்பன் உள்ள டிரோப்பிக் அமிலமும் கிடைத்தன. லாசன் கொக்கெய்னைப் பிளந்தபோது, 9 கார்பன் உள்ள எக்கோனினும், 7 கார்பன் உள்ள பென்சாயிக் அமிலமும், 1 கார்பன் உள்ள மெத்தில் ஆல்கஹாலும் கிடைத்தன. எட்டும் ஒன்பதும் பதினேழு. ஒன்பதும் ஏழும் ஒன்றும் பதினேழு. கூட்டுத்தொகை ஒத்திருப்பது தற்செயலே. மெய்யான உறவு வேறிடத்தில் இருந்தது. எக்கோனினிலிருந்து ஓர் அமிலக் கூறை நீக்கினால் எஞ்சுவது டிரோப்பினின் எலும்புக்கூடு!

அந்த எலும்புக்கூட்டின் வடிவத்தை உறுதி செய்தவர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர். மியூனிக் நகரில் ஐன்ஹார்ன் என்னும் ஆசிரியரிடம் கொக்கெய்னைப் பற்றி ஆராய்ந்து அவர் பட்டம் பெற்றார். ஆசிரியர் கொக்கெய்னுக்குக் கூறிய அமைப்பு பிழையென்று மாணவருக்கு ஐயம் எழுந்தது. கொக்கெய்ன் தம்முடைய ஆராய்ச்சிக்கு உரியது என்று கருதிய ஐன்ஹார்ன் அதனை மேலும் தொடர மாணவரை அனுமதிக்கவில்லை. வில்ஸ்டேட்டர் வாதாடவில்லை, அதன் உறவான டிரோப்பினை எடுத்துக்கொண்டார். டிரோப்பினின் அமைப்பை அவர் மெய்ப்பித்தபோது கொக்கெய்னின் அமைப்பும் தானே வெளிப்பட்டது. 1901-ஆம் ஆண்டில் டிரோப்பினோன் என்னும் மூலப்பொருளை ஆய்வுக்கூடத்திலேயே படிப்படியாக உருவாக்கியும் காட்டினார். 1915-இல் தாவர நிறப்பொருள்களின் ஆராய்ச்சிக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் யூதர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டித்து 1924-இல் பதவியைத் துறந்த அவர், 1939-இல் ஜெர்மனியை விட்டே வெளியேறி, 1942-இல் சுவிட்சர்லாந்தில் காலமானார்.

அந்த அமைப்பை ஒரு விளையாட்டாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஏழு சிறுவர்கள் கைகோத்து வட்டமாக நிற்கின்றனர். அவர்கள் கார்பன் அணுக்கள். எட்டாவது சிறுவன் வட்டத்தினுள் புகுந்து, அடுத்தடுத்து நில்லாத இருவரின் தோள்களைப் பற்றிக்கொள்கிறான், அவன் நைட்ரஜன். இப்பொழுது வட்டத்தின் குறுக்கே ஒரு பாலம் அமைந்துவிட்டது. இதுவே டிரோப்பேன் என்னும் எலும்புக்கூடு. வட்டத்தில் நிற்கும் ஒருவனிடம் டிரோப்பிக் அமிலத்தைக் கொடுத்தால் அட்ரோப்பின். அதே இடத்தில் பென்சாயிக் அமிலத்தைக் கொடுத்து, பக்கத்தில் நிற்பவனிடம் வேறொரு சிறு கூறைக் கொடுத்தால் கொக்கெய்ன். நிற்கும் கோலத்தில் நுண்ணிய வேறுபாடு உண்டு, அடிப்படை இதுதான்.

வில்ஸ்டேட்டரின் வழி நீண்டது. பதினைந்துக்கும் மேற்பட்ட படிகளைக் கடந்து முடிவில் கைக்கு வந்தது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 1917-ஆம் ஆண்டில், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, இங்கிலாந்தில் ராபர்ட் ராபின்சன் இவ்வளவையும் ஒரே படியில் செய்து காட்டினார். மூன்று எளிய பொருள்களை ஒரே பாத்திரத்தில், நீரில், சாதாரண வெப்பநிலையில் ஒன்று சேர்த்தார், டிரோப்பினோன் உண்டாயிற்று. செடிக்குள் உலையும் இல்லை, கடும் அமிலங்களும் இல்லை; ஆகவே செடி எளிய வழியில்தான் இதனைச் செய்திருக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. செடியின் வழி சில பகுதிகளில் வேறுபட்டது என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியது. ஆயினும் இயற்கையைப் பார்த்துக் கற்கும் அந்நெறி இரசாயனத்தில் ஒரு புதிய வழியைத் திறந்தது. 1947-இல் அவரும் நோபல் பரிசு பெற்றார்.

எலும்புக்கூடு ஒன்றாயிருக்க, செயல் ஏன் வேறுபடுகிறது? நம் உடலில் நரம்புகள் அசிட்டைல்கோலின் என்னும் தூதுப்பொருளைச் சுரந்து, இதயத்திற்கும் சுரப்பிகளுக்கும் கட்டளை அனுப்புகின்றன. அட்ரோப்பின் அத்தூதன் நுழையும் கதவை அடைத்து நிற்கிறது. எச்சில் வற்றுவதும், பாவை அகல்வதும், இதயம் விரைவதும் இதனால்தான். சில பூச்சிமருந்துகள் அத்தூதன் அழியாதபடி தடுத்து, அவனைப் பெருக்கிவிடுகின்றன. அந்நிலையில் அட்ரோப்பின் கதவை அடைப்பதே உயிர்காக்கும் செயலாகிறது. எங்கள் ஊர்த் தொழிலாளி பிழைத்தது இவ்வாறே. கொக்கெய்ன் செய்வது வேறு. அது நரம்பு வழியே வலியின் செய்தி ஓடாதபடி தடுக்கிறது. மூளையிலோ இன்ப உணர்ச்சிக்குரிய டோப்பமின் என்னும் தூதுப்பொருள் திரும்பிச் செல்லாதபடி வழிமறிக்கிறது.

முன்னர்ச் சொல்வதாகக் கூறிய காரணம் இங்கேதான் உள்ளது. ஊமத்தையை ஒரு முறை உண்டு துன்பப்பட்டவன் மறுமுறை அதன் பக்கம் செல்வது அரிது. அது வாயை உலர்த்தி, உடலைக் கொதிக்கச் செய்து, அச்சுறுத்துகிறது. கொக்கெய்ன் அச்சுறுத்துவதில்லை, மகிழ்விக்கிறது. மருந்துக்கு அளவு வேண்டும் என்கிறோம். அளப்பதற்குத் தெளிந்த அறிவு வேண்டும். கொக்கெய்ன் முதலில் தாக்குவது அளக்கின்ற அந்த அறிவையே. தராசைப் பிடித்திருக்கும் கை நடுங்கத் தொடங்கியபின், எடைக்கற்களின் கணக்கை அறிந்திருந்தும் பயன் என்ன? ஹால்ஸ்டெட்டின் கல்வி அவரைக் காக்காமற் போனதன் காரணம் இதுவே.

ஆனால் விஞ்ஞானம் அவ்விடத்திலேயே நின்றுவிடவில்லை. கொக்கெய்னின் அமைப்பைக் கண்டபின், வலியை நீக்கும் குணத்தை மட்டும் தனியே பெறலாமா என்று அறிஞர்கள் முயன்றனர். மாணவரைத் தடுத்த அதே ஐன்ஹார்ன், 1904-1905-ஆம் ஆண்டுகளில் நொவோக்கெய்ன் என்னும் மருந்தை உலகிற்குத் தந்தார். அது மரத்துப்போகச் செய்தது, போதைக்கு அடிமையாக்கவில்லை. 1943-இல் சுவீடன் நாட்டில் லஃப்கிரன் என்பார் லிடோக்கெய்னை உருவாக்கினார். இன்று பல் பிடுங்கும்போது உங்கள் ஈறில் போடப்படும் ஊசி பெரும்பாலும் இதுவே. கொக்கெய்னையோ 1961-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையும், நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் கடுமையாகக் கட்டுப்படுத்துகின்றன. தங்கள் முன்னோரின் இலைமெல்லும் வழக்கத்தை மட்டும் விலக்கி வைக்க வேண்டும் என்று வாதாடிய பொலிவியா நாடு, 2013-ஆம் ஆண்டில் அந்த உரிமையோடு உடன்படிக்கையில் மீண்டும் சேர்ந்தது.

இக்குடும்ப வரலாற்றின் புதிய ஏடு ஒன்று 2012-ஆம் ஆண்டில் எழுதப்பட்டது. கதேயிடம் ரூங்கே பூனையைக் கொண்டு சென்ற அதே யேனா நகரில், மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சிக் கழகத்தின் விஞ்ஞானிகள் கோக்காச் செடியை ஆராய்ந்தனர். கத்தரிக் குடும்பத்துச் செடிகள் தம் ஆல்கலாய்டை வேர்களில் உண்டாக்குகின்றன. கோக்காவோ இளந்தளிர்களில் உண்டாக்குகிறது. இப்பணியின் ஒரு முக்கியமான படியைச் செய்து முடிக்கும் நொதிகளும் இரண்டிலும் வெவ்வேறு குலத்தைச் சேர்ந்தவை. இரு செடிகளும் ஒரே மூதாதையிடமிருந்து இவ்வித்தையைப் பெறவில்லை; தனித்தனியே கற்றுக்கொண்டிருக்கின்றன. எனவே, நான் உறவினர் என்று அழைத்தவை அமைப்பால் உறவினர், பிறப்பால் அயலார். 2020-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைக் கொண்டே ஹையோசையமினையும் ஸ்கோப்போலமினையும் உண்டாக்கிக் காட்டினர். வயல் பொய்த்தாலும் மருந்து பொய்க்காத காலம் ஒன்று வரக்கூடும்.

மாணவ நண்பர்களே, ஊமத்தைச் சிறுவன் இன்று வளர்ந்து பெரியவனாகிவிட்டான். சென்ற ஆண்டு என்னைப் பார்க்க வந்தபோது, "அந்தச் செடிகளையெல்லாம் வெட்டிவிட்டீர்களா, ஐயா?" என்று கேட்டான். வெட்டவில்லை. மறுநாளே வகுப்பு வகுப்பாக மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று, பூவையும் காயையும் காட்டி, பெயரைச் சொல்லி, அது என்ன செய்யும் என்பதை விளக்கினேன். நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வோர் ஆண்டும் அவ்வாறு செய்து வந்தேன். ஒரு செடியை வெட்டினால் மறுமழையில் அது மீண்டும் முளைக்கும். சாலையோரத்திலும் சுடுகாட்டிலும் வளர்வதை யார் வெட்டுவார்? அறிந்துகொண்ட பிள்ளை எங்கே சென்றாலும் தன்னைக் காத்துக்கொள்வான்.

கொக்கெய்னைப் பற்றியோ இன்னும் ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அதன் வரலாற்றைப் படியுங்கள், அமைப்பைப் படியுங்கள், உங்களுள் ஒருவர் நாளை அதைவிடச் சிறந்த வலிநீக்கி மருந்தைக் கண்டுபிடிக்கவும் கூடும். ஆனால், நான் படித்தவன், எனக்கு அளவு தெரியும் என்று சொல்லி அதனிடம் நெருங்கியவர்களின் கதையை மறவாதீர்கள். வேலியோரத்து வெள்ளைப் பூவை அடுத்த முறை காணும்போது, பார்வை இழந்த ஜப்பானிய அம்மையாரையும், வழிச்செலவுக்குப் பணமின்றி வியன்னாவில் தங்கிவிட்ட கோலரையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.